கசிவு எங்கே?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாளாகப் பிளம்பரின் மனைவி எதையும் நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. கட்லெட் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் எண்ணெயில் பொரித்தது கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பிளம்பரே தோசைக்கல்லில் சுட்டுப் பார்த்தார். திருப்பியதும் உதிர்ந்தது.

"என்னங்க, கட்லெட்டா, பொரியலா?"

"இரும்மா, கசிவு எங்கன்னு பாக்கறேன்."

கொதிக்கும் எண்ணெய் வெளிப்பக்கத்தைச் சட்டென்று இறுக்கிவிடும். கல்லின் சூடு மெதுவாக ஏறுவதால், வெந்த காயிலிருக்கும் தண்ணீர் அதற்குள் கிழங்குக் கலவையைக் குழைத்துவிடுகிறது. அவர் மிச்சமிருந்த கேரட்டையும் பீன்ஸையும் துணியில் கட்டிப் பிழிந்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டினார். ஓரம் சிவக்கும்வரை கைவைக்காமல் காத்திருந்தார். இம்முறை முழுசாகத் திரும்பியது.

அவள் ஒன்றைத் தின்று முடித்தாள்.

"இதை அடைச்சிட்டீங்க. நம்ம வீட்டுக் குழாய்தான் இன்னும் ஒழுகுது" என்றபடி அடுத்ததற்குத் தட்டை நீட்டினாள்.