கடைசி ட்ராமில் மூன்றாம் குரல்

ஞானேஸ்வரன் ஒரு பாட்டின் வரலாற்றைப் பதினான்கு பக்கங்களில் எழுதி முடித்தபோது, பாட்டு மொத்தமே மூன்றரை நிமிடந்தான் என்பதைத் தயாளினி நினைவுபடுத்தினாள். பதினான்கு பக்கத்தையும் வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவள் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது கேட்காமலே தெரியும்.

பாட்டின் பெயர் 'தி லூயிஷாம் ட்ராம்'. வீட்டுக்குப் போகும் கடைசி ட்ராமை வேண்டுமென்றே தவறவிட்டு, மழையில் ஒருவனோடு நடந்து போகிற பெண்ணின் பாட்டு. 1937இல் ஹோ ஸ்ட்ரீட் சகோதரிகள் என்று நான்கு பெண்கள் அதை இசைத்தட்டில் பாடினார்கள். கிழக்கு லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு தையற்காரரின் பிள்ளைகள். அதன் பிறகு அந்தப் பாட்டைத் தொடாத ஜாஸ்காரர் இல்லை. ட்ரம்பெட்டில் ஊதினார்கள், பியானோவில் உருட்டினார்கள், வேகமாகப் பாடி அழவைத்தார்கள், மெதுவாகப் பாடி நித்திரையாக்கினார்கள். கடைசியில் பற்பசை விளம்பரத்துக்கும் ஹோட்டல் லிப்டுக்கும் வந்து சேர்ந்தது. ஞானேஸ்வரன் அதை முதன்முதலில் கேட்டது ஒரு பல்வைத்தியரின் கதிரையில், வாயைத் திறந்தபடி. அதனால்தான் அன்றைக்கு அவரால் சேர்ந்து பாட முடியவில்லை என்று எல்லாரிடமும் சொல்லுவார்.

சேர்ந்து பாடுவது அவருக்குப் பழக்கம். லண்டனுக்கு வந்து குழாய் வேலை தொடங்குவதற்கு முன் பதினொரு வருடம் ஜேர்மனியில், ஸ்டுட்காட்டில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். பேக்கரித் தொழிலாளர்களுக்கு ஒரு பாடகர் குழு இருந்தது. உயரமாக இருக்கிறார், மாவு மூட்டை தூக்குகிறார், ஆகவே அடிக்குரல் வரும் என்று குழுத்தலைவர் தானாகவே முடிவெடுத்து அவரைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டார். நான்கு பேர் நான்கு மெட்டில் பாட, அது ஒரே பாட்டாக வந்து விழும் அதிசயத்தை அவர் அங்கேதான் கண்டார்.

அதே ஸ்டுட்காட்டில்தான் அவர் அந்தப் பகிடியையும் விட்டார்.

கலியாணமான புதிது. ஒரு பிறந்தநாள் வீட்டில் தயாளினியைப் பாடச் சொன்னார்கள். அவளுக்கு ஆழமான, கனத்த குரல். பெண்கள் பாடும் கட்டையில் பாட அவளால் ஏலாது. பாடி முடித்ததும் ஞானேஸ்வரன் மைக்கை வாங்கி, "இவ வீட்டில பாடினவ. கீழ்வீட்டு ஜேர்மன்காரன் வந்து, நீங்கள் ஊரில இருந்து ஜெனரேற்றர் கொண்டுவந்தனீங்களோ எண்டு கேட்டான்," என்றார். ஊரில் போரால் மின்சாரமில்லாத வருடங்களை அப்போதுதான் கடந்து வந்திருந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பகிடி பாரிஸுக்குப் போனது, டொரொண்டோவுக்குப் போனது, அவர்களுக்கு முன்னமே லண்டனுக்கு வந்து காத்திருந்தது. நோர்பரிக்குக் குடிவந்த முதல் கிழமையே கடையில் ஒரு பெண், "ஓ, ஜெனரேற்றர் அக்கா நீங்களோ," என்று அன்பாக விசாரித்தாள்.

தயாளினியும் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு அவள் பாடவில்லை. கோயிலில் தேவாரம் பாடும்போது வாயை மட்டும் அசைப்பாள். பிள்ளைகளைத் தட்டித்தான் நித்திரையாக்கினாள். ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் ஞானேஸ்வரன் அதற்கும் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பார்.

போன வருடம் ஒருநாள் அவர் வழக்கத்தைவிட வேளைக்கு வீடு வந்தபோது, குசினியில் ரேடியோ போய்க்கொண்டிருந்தது. தயாளினி வெங்காயம் வெட்டியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ பாடிய மெட்டை அல்ல. அதற்குக் கீழே, அதைத் தாங்கிக்கொண்டு, வேறொரு மெட்டை. ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல். ஞானேஸ்வரன் சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் நடையிலேயே நின்றார். வெங்காயம் வெட்டியது அவள்தான். கண் எரிந்தது இவருக்கு.

அப்படித்தான் 'நோர்பரி நால்வர்' உண்டானது. மேற்குரலுக்குக் கஜந்தினி, பல்வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. இரண்டாம் குரலுக்குச் சஞ்சயன், பஸ் ஓட்டுநர். மூன்றாம் குரல் தயாளினி. அடிக்குரல் ஞானேஸ்வரன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வரவேற்பறையில் பயிற்சி. எங்கள் சனத்துக்கு எல்லாரும் ஒரே மெட்டில் பாடித்தான் பழக்கம். சஞ்சயன் தன் மெட்டில் தொடங்கி இரண்டாவது வரியில் கஜந்தினியின் மெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான். கேட்டால், "அண்ணை, அங்கதான் சனம் நிக்குது," என்பான். தன் பாதையை விட்டு விலகாத ஒரே ஆள் தயாளினி. நாலு மாதத்தில் ஒருதடவைகூட இல்லை.

தமிழ்ச் சங்கம் ஒன்றின் கலைமாலை நிகழ்ச்சியில் பாடச் சந்தர்ப்பம் கிடைத்தது. செயலாளர் பாலேந்திரா குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு அவர்களைத் தேவாரத்துக்கு என்று முதலாவதாகப் போட்டிருந்தார். இங்கிலீஷ்ப் பாட்டு என்று தெரிந்ததும் இடத்தை மாற்றினார். நேரம் பதினைந்து நிமிடம். வரலாற்றைக் கொஞ்சம் வேகமாக வாசித்தால் சரி என்று ஞானேஸ்வரன் கணக்குப் போட்டார்.

கலைமாலை வால்தம்ஸ்டோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில், சனிக்கிழமை மூன்று மணிக்கு. அதாவது நாலேகாலுக்கு. குத்துவிளக்கில் ஐந்து திரி, ஏற்ற அழைக்கப்பட்டவர்கள் பதினாறு பேர். கடைசிப் பதினொரு பேரும் எரிகிற திரியையே மறுபடி ஏற்றி, கமராவைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். பிறகு பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, சிறப்பு விருந்தினரைக் காரில் ஏற்றி வந்தவருக்குப் பொன்னாடை. வரவேற்புரை, தலைமையுரை, தலைமையுரைக்கு நன்றியுரை. ஒவ்வொரு பேச்சாளரும் நேரத்தின் அருமையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பாலேந்திரா திரைக்குப் பின்னால் வந்து பதினைந்தைப் பத்தாக்கினார். பிறகு ஆறாக்கினார். கடைசியில், "அண்ணை, வரலாறு வேண்டாம். பாட்டை மட்டும் படிச்சிட்டு இறங்குங்கோ," என்றார்.

ஞானேஸ்வரனுக்குப் பதினான்கு பக்கமும் கையில் கனத்தது. வாதாடலாம் என்று திரும்பியபோது தயாளினியைப் பார்த்தார். நீலச்சேலையின் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வான் வண்டியில் ஏறும்போது அவள் ஒரேயொரு வசனந்தான் சொல்லியிருந்தாள்: "ஒருத்தரும் சிரிக்காட்டில் எனக்கு அது போதும்." அவர் பக்கங்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மேடைக்கு நேரே முன்வரிசையில் சிவனேஸ்வரி ரீச்சர் இருந்தார். லண்டனில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பித்தவர். பிழையான சுரம் கேட்டால் முகத்தில் பல்வலி வந்தது போலிருக்கும். மண்டபத்தின் பின்பக்கத்தில், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியோடு பிரியந்தன். அவன் தயாளினியின் கூடப்பிறந்த தம்பி, அக்கா என்றால் உயிர். அக்கா பாடப்போகிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் அடியைக் கஜந்தினி தனியாகப் பாடினாள். சனம் நிம்மதியாகக் கேட்டது. சிலர் தொடையில் தாளமும் போட்டார்கள். இரண்டாம் அடியில் மூன்று பேரும் சேர்ந்தார்கள். கஜந்தினியின் மெட்டுக்குக் கீழே தயாளினியின் குரல் தன் பாதையில் போகத் தொடங்கியது.

சிவனேஸ்வரி ரீச்சரின் முகத்தில் பல்வலி வந்தது.

இரண்டு வரிசைக்குப் பின்னால் யாரோ, "பாவம், சுருதி விட்டிட்டுது," என்றார்கள். சொன்னவர் மிகவும் இரக்கத்தோடுதான் சொன்னார். தாளங்கள் நின்றன. மண்டபம் முழுவதும் அவளுக்காக வெட்கப்படத் தயாராகியது.

அடுத்த வரியில் ஞானேஸ்வரனின் காதுக்கு என்னவோ குறைந்தது. கஜந்தினி இருக்கிறாள். சஞ்சயன் வழக்கம்போலச் சனம் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டான். தான் இருக்கிறார். நடுவில் ஒரு ஓட்டை, மூன்றாவது கல் இல்லாத அடுப்பு மாதிரி. திரும்பிப் பார்த்தால் தயாளினியின் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. சத்தமில்லை. கோயிலில் அசைவது போல.

பின்னால் பிரியந்தன் பெட்டிக்கு மேலால் எட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினான். அதன் அர்த்தம்: பயப்படாதேங்கோ அத்தான், அக்காவின்ர மைக்கை நிப்பாட்டிட்டன், ஒருத்தருக்கும் கேக்காது. அந்த முகத்தில் அவ்வளவு பாசம்.

தயாளினிக்கும் விளங்கிவிட்டது. அவளுடைய வாய் மெல்ல மூடியது.

ஞானேஸ்வரன் கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. பாட்டு முடிந்ததென்று நினைத்துச் சனம் நன்றியோடு கைதட்டியது. பாலேந்திரா பொன்னாடைத் தட்டோடு பாதி மேடைக்கு வந்துவிட்டார். ஞானேஸ்வரன் அவரை அங்கேயே நிற்பாட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார். பை நிறைய வரலாறு இருந்தது. அதை அவர் தொடவில்லை.

இந்தப் பாட்டை முதலில் பாடிய நாலு சகோதரிகளும் இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தவர்கள் என்றார். மூன்றாவது பெண்ணுக்குக் கனத்த குரல். இசைத்தட்டு விற்றவர்கள் அந்தக் குரல் பிழையாய்க் கேட்கிறதென்று அவளை விலத்திவிட்டு, மூன்று பேரை வைத்து இன்னொருதரம் பதிந்தார்கள். உறையில் இருந்த படத்திலும் அவளை வெட்டினார்கள். கஜந்தினி பாடுகிற இந்த அழகான மெட்டு அந்தத் தட்டில் அப்படியே இருந்தது. ஒருவரும் வாங்கவில்லை. பிறகு அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். படத்தில் மட்டும் அவளுடைய ஒரு முழங்கைதான் கடைசிவரைக்கும் மிச்சம்.

பகிடி எங்கே வருகிறதென்று சனம் காத்திருந்தது, அவரிடம் அதைத்தானே எதிர்பார்ப்பார்கள்.

"ஜெனரேற்றர் பகிடி உங்களுக்கு எல்லாருக்கும் தெரியும்," என்றார் ஞானேஸ்வரன். "கீழ்வீட்டில ஜேர்மன்காரன் இருக்கேல்லை. அது வெறும் வீடு. நான் சும்மா கட்டிவிட்டனான். என்ர மனுசி சரியாத்தான் பாடினவ. இப்பவும் சரியாத்தான் பாடினவ. அது வேற மெட்டு, அவ்வளவுதான்."

தயாளினி அவரைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைப் பார்த்தாள்.

அவர் தன் மைக்கைக் கழற்றி அவளுடைய கையில் வைத்தார். "பிரியந்தன், இதைக் கூட்டி விடும். எனக்கு மைக் தேவையில்லை. உண்மையான ஜெனரேற்றர் நான்தான்."

சிரிப்பு வந்தது. இந்தமுறை அது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

திரும்பப் பாடினார்கள். ஞானேஸ்வரன் மைக் இல்லாமல் பாடியதை முன்வரிசையும் பொன்னாடைத் தட்டோடு பாதிவழியில் நின்ற பாலேந்திராவும் மட்டுமே கேட்டார்கள். தயாளினி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மழை, நனைந்த தண்டவாளம், போய்விட்ட கடைசி ட்ராம். கஜந்தினி மேலே போனபோதெல்லாம் அந்தக் குரல் கீழே நின்றது, ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப்போல. சஞ்சயன்கூட ஒரு வரியில் தன் மெட்டில் நின்றான். தற்செயலாக இருக்கலாம்.

கைதட்டல் பெரிதென்று சொல்ல முடியாது. அடுத்த நிகழ்ச்சி பரதநாட்டியம், பெற்றோர் கமராவைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார்கள். பொன்னாடை கஜந்தினிக்குப் போனது, பாட்டுக்காரி அவள்தானே. சங்கத்தின் முகநூல் பக்கத்தில் 'கரோக்கே' என்று போட்டார்கள்.

ஆனால் சிவனேஸ்வரி ரீச்சர் வாசலில் தயாளினியை மறித்தார். "நான் முழுக்கக் கவனிச்சனான்," என்றார். "நீர் அந்தப் பிள்ளையோட சேர்ந்து பாடேல்லை. ஆனா அவவை ஒரு இடத்திலயும் தனிய விடவும் இல்லை. சுருதி அசையவே இல்லை, பிள்ளை. எனக்குத்தான் கேக்கத் தெரியேல்லை." பிரியந்தன் பின்னால் வயரைச் சுற்றியபடி அழுதுகொண்டு நின்றான். அவனைச் சமாதானப்படுத்துவதில் அரை மணித்தியாலம் போனது.

திரும்பும்போது தயாளினிதான் வானை ஓட்டினாள். பிளாக்வோல் சுரங்கப்பாதைக்கு முன்னால் வாகனங்கள் அசையவில்லை. "கீழ்வீட்டில ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "நான்தானே அந்த வீட்டுத் தபாலை எடுத்து வைக்கிறனான்."

ஞானேஸ்வரனுக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

"நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டுதான் பாத்தனான்." கியரை மாற்றினாள். பத்தடி போய் மறுபடி நின்றார்கள். "சரி, அந்தப் பதினாலு பக்கத்தையும் வாசியுங்கோ. எப்பிடியும் ஒரு மணித்தியாலம் நிக்கத்தானே வேணும்."

அவர் சட்டைப்பையிலிருந்து கடதாசிகளை எடுத்து, மடிப்பை நீவி, முதலாம் பக்கத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவள் கையை நீட்டி ரேடியோவைப் போட்டாள். யாரோ எதையோ பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரி பொறுத்து, அதற்குக் கீழே அவளுடைய குரல் வந்து சேர்ந்தது.

ஞானேஸ்வரன் வாசிப்பதை நிறுத்தவில்லை. தன் சத்தத்தை மட்டும் நன்றாகக் குறைத்துக்கொண்டார்.