மார்கிரெட்டுக்கு இருபது கணக்கு

பாறசாலையில் ஜவுளிக்கடை மாடியில் மூன்று பெஞ்சும் ஒரு கரும்பலகையும் உண்டு. இன்டர்மீடியட் கணக்கில் தோற்றவர்களுக்கு மேல்வகுப்பு மாணவர்கள் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. பொறுப்பு வேலாயுதனுக்கு. ஆள் வராத நேரத்தில் அரட்டை கூடாது, கொடுத்த வேலையை முடித்தவர் போகலாம் என்று அவனே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான்.

ஐம்பத்தி நாலு ஆகஸ்டில், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற எல்லைப் போராட்டத்தில் பஸ் நின்றுபோய், படிக்க ஒருவரும் வரவில்லை. சொல்லிக்கொடுக்க விஜயதாஸ் மட்டும் வந்தான். அனுப்பி வைத்தது அவன் அக்கா சத்யபாமா.

"அவன் கண்ணு மார்த்தாண்டம் ஊர்வலத்திலயாக்கும்" என்று அவள் முன்பே படியேறி வந்து வேலாயுதனிடம் சொல்லியிருந்தாள். "அப்பனும் அம்மையும் இல்லாம நான் வளத்த பிள்ளை. ஏதாவது வேலை குடுத்து இங்கயே இருத்தணும்."

வேலாயுதன் வேலை கண்டுபிடித்தான். பழைய வினாத்தாள்களை அடுக்கச் சொன்னான். அது முடிந்ததும், ஒருவன் ஆசிரியர், ஒருவன் மாணவன் என்று நடித்துப் பழகலாம் என்றான். விஜயதாஸ் எப்போதும், பூவாரிலிருந்து அங்கே படிக்க வரும் மார்கிரெட் ஆவான். ஒரு எண்ணைச் சமன்குறிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோகும்போது கழித்தல் குறியை மாற்ற அவளுக்கு நினைவே வராது. பென்சிலைக் கடித்துக்கொண்டு, "அது அப்படியே கிடக்கட்டு சாரே, பாவம்" என்பான் அவள் குரலில். வேலாயுதன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

பிறகு மார்கிரெட்டுக்கென்றே இருபது கணக்கு எழுதச் சொன்னான். நாலு நாள் தாங்கும் என்று நினைத்தான்.

மறுநாள் காலையிலேயே இருபதும் மேசைக்கு வந்துவிட்டது.

"எலே, ஒரே நாளிலயா?"

"வீட்டில இருந்து முடிச்சேன். முடிச்சவன் போலாம்னு ஒட்டினது நீதானே சாரே."

வேலாயுதன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு பிழையாவது கிடைக்காதா என்று தேடினான். இல்லை. இன்னொன்று எழுது என்று சொல்லியிருக்கலாம். தன் கையெழுத்தே சுவரில் இருக்க, அதை மாற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"பாத்துப் போணும் மக்கா."

"சாயங்காலம் வாறேன்."

அன்று மார்த்தாண்டம் ஊர்வலத்தில் போலீஸ் சுட்டது. மறுநாள் விஜயதாஸின் உடலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சத்யபாமா வேலாயுதனைக் கண்டதும், "வேலை தீந்து போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

பஸ் ஓடத் தொடங்கியபின் மார்கிரெட் வந்தாள். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலாயுதன் அந்த இருபது கணக்குத் தாளை எடுத்து அவள் முன் வைத்தான். முதல் கணக்கிலேயே கழித்தல் குறியை அப்படியே தூக்கி அந்தப்பக்கம் வைத்துவிட்டு, பென்சிலைக் கடித்தாள். அவன் சற்றுநேரம் சன்னல் பக்கம் திரும்பி நின்றான். பிறகு வந்து விரலால் தொட்டுக் காட்டினான். பத்தாவது கணக்குக்குப் பிறகு அவளுக்குக் குறி தப்பவில்லை.

"முடிஞ்சது சாரே. மூணரை பஸ்சுக்குப் போகட்டா?"

"இரி. இன்னும் ஒண்ணு உண்டு."

"இருபதுதானே இருந்தது?"

வேலாயுதன் பென்சிலை வாங்கித் தாளின் அடியில் இருபத்தொன்று என்று எண் போட்டான். கணக்கு ஒன்றும் வரவில்லை. கீழே மூணரை பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அவள் எழுந்திருக்கவில்லை.