யாருடைய நட்சத்திரம்

ஜீவனஹள்ளியில் சீதாலட்சுமி குடியிருந்த சந்து ஒரு பழைய கிணற்றுச் சுவரில் போய் முட்டி நிற்கும். கிணற்றைத் தூர்த்துப் பல வருஷமாகிவிட்டது. சுவரில் பதித்த ஒரு கருங்கல் மட்டும் மிச்சம். அதில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று செதுக்கியிருந்தது. யார் செதுக்கினார்கள் என்று சந்தில் ஒருவருக்கும் தெரியாது.

சீதாலட்சுமிக்கு அது முருகனின் அறுகோணம். செவ்வாய்க்கிழமைகளில் அகல் ஏற்றுவாள். எதிர்வீட்டு தஸ்கீனுக்கு அது சுலைமான் நபியின் முத்திரை. வியாழக்கிழமை ஊதுபத்தி வைப்பாள். மாடிவீட்டு லவினாவுக்கு அது பெத்லகேமுக்கு வழிகாட்டிய நட்சத்திரம். ஞாயிற்றுக்கிழமை மெழுகுவத்தி ஏற்றுவாள். கொரோனா சமயத்தில் லவினாவின் கணவர் ஆக்ஸிஜன் கிடைக்காமல் கிடந்தபோது மூன்று பேரும் மாஸ்க் போட்டுக்கொண்டு அந்தக் கல்லின் முன் நின்றார்கள். அவரவர் வேண்டுதலை அவரவர் முணுமுணுத்தார்கள். அவர் பிழைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அங்கே மூவரும் சேர்ந்தே போனார்கள்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மற்ற இருவரும் வராத நேரத்தில், விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்த சீதாலட்சுமியின் பக்கத்தில் ஒரு இளைஞன் நின்றான். இஸ்திரி கலையாத சட்டை, கையில் போன். பரத் என்று பேர் சொன்னான்.

"நமஸ்காரம்மா. இது முருகனோட அறுகோணம்தானே?"

"ஆமாப்பா."

"நீங்கதான் இத்தனை வருஷமா பாத்துக்கறீங்களா?"

"ஆமா."

அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. ஊதுபத்திச் சாம்பலையும் உருகிக் கிடந்த மெழுகையும் அவன் குனிந்து பார்த்தான். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து வேலூரிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, உங்க வீடியோ எங்க குரூப்ல எல்லாம் ஓடுது!"

சீதாலட்சுமி திறந்து பார்த்தாள். 'ஜீவனஹள்ளியில் புதைக்கப்பட்ட முருகன் கோயில்' என்று மேலே பெரிய எழுத்து. கீழே அவள் முகம். ஆமா, ஆமா என்கிறாள். அதற்கும் கீழே ஒரே கேள்வியை ஆள் மாற்றி ஆள் எழுதியிருந்தார்கள்: கிணற்றை மூடியது யார்? ஒருவன் பதிலும் போட்டிருந்தான். எதிர்வீட்டைப் பாருங்கள்.

செருப்புகூடப் போடாமல் சந்தைத் தாண்டி ஓடினாள்.

"தஸ்கீன், நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

தஸ்கீன் ஏற்கெனவே பார்த்திருந்தாள். கதவைப் பாதிதான் திறந்தாள். "நீங்க பொய் சொல்லலியே அக்கா. உங்களுக்கு அது முருகன்தான். எங்களுக்கு அது என்னன்னு அவன் கேக்கவே இல்ல. உங்களுக்கும் சொல்லத் தோணல."

இந்தக் கடைசி வார்த்தைதான் சீதாலட்சுமியைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் மூன்று பேரும் கல்லின் முன் நின்று லவினாவின் போனில் பேசினார்கள். அகல், ஊதுபத்தி, மெழுகுவத்தி மூன்றையும் காட்டினார்கள். "இது எங்க மூணு பேருக்கும் பொது. யாரும் யாருகிட்ட இருந்தும் பிடுங்கல" என்றாள் சீதாலட்சுமி. அந்த வீடியோவை சொந்தக்காரர்கள் சிலர் பார்த்தார்கள். அதோடு நின்றுவிட்டது. முதல் வீடியோ மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது.

சந்துமுனையில் தெரியாத பைக்குகள் வந்து நிற்க ஆரம்பித்தன. யாரும் இறங்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் வீடுகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தஸ்கீன் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புவதை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வந்துவிட்டார்கள். மாலை, மேளம், கோயில் பேர் எழுதிய பெரிய பலகை. முன்னால் பரத். சந்தின் மறுபக்கம், தஸ்கீன் வீட்டுக்காக வந்ததாகச் சொல்லிக்கொண்டு வேறொரு கூட்டம் கைகட்டி நின்றது. தன் வாசலில் நின்று பார்த்த தஸ்கீனுக்கு அவர்களில் ஒருவனையும் தெரியாது.

சீதாலட்சுமி கல்லின் முன்னால் போய் நின்றாள். லவினாவும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கொஞ்சம் நகருங்க" என்றான் பரத், மரியாதையாகவே.

"மாட்டேன். இங்க பலகை வேணாம்."

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான் பாதிதான் சொன்னேன்."

"அந்தப் பாதி போதும்மா" என்று அவன் சிரித்தான்.

பின்னாலிருந்து ஒரு கல் பறந்து வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. லவினாவின் நெற்றியில் ரத்தம் வழிந்தது. அதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட, கூட்டம் பின்வாங்கியது. இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார், மூன்று பெண்களையும் பார்த்தார்.

"யாருதுன்னு முதல்ல முடிவாகட்டும்" என்றார்.

"மூணு பேருதும்தான் சார்" என்றாள் லவினா, நெற்றியை அழுத்திப் பிடித்தபடி.

"அப்படி எழுத முடியாதும்மா."

நட்சத்திரத்தின் மேல் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிளை உட்காரவைத்தார்கள். இரண்டு நாளில் அவரையும் வேறு பந்தோபஸ்துக்கு அழைத்துக்கொண்டார்கள்.

அவர் போன மறுநாள் காலை, தஸ்கீன் வீட்டுக் கதவில் மட்டும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. தஸ்கீன் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். குறி போகவில்லை. அவள் கணவர் உள்ளே துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

சீதாலட்சுமி அதைப் பார்த்தாள். நேரே கடைக்குப் போய் ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயின்ட்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். தன் கதவில் அதே குறியை, அதே அளவில் போட்டாள். டப்பாவை மாடிக்கு எடுத்துப் போனாள். நெற்றியில் கட்டோடு வந்த லவினா பிரஷ்ஷை வாங்கித் தன் கதவிலும் போட்டாள்.

"என்னக்கா இது?" என்றாள் தஸ்கீன்.

"எந்த வீடுன்னு இனிமே அவங்களும் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்."

தஸ்கீனின் கணவர் பையைக் கீழே வைத்தார். ஆனால் ஜிப்பைத் திறக்கவில்லை. பெயின்ட் காயும் முன்பே சந்துமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. அடுத்து இன்னொன்று. இன்ஜினை யாரும் அணைக்கவில்லை.