மண்டபத்தின் மேல் யாருமில்லை

வடமாலபேட்டையைத் தாண்டித் திருப்பதிப் பக்கம் போகும்போது, ரோட்டிலிருந்து கால் கிலோமீட்டர் உள்ளே ஒரு பதினாறுகால் மண்டபம் நிற்கிறது. அதைக் காவல் காப்பது யமுனாவின் வேலை. விஜயபுரத்தில் பிறந்து வடமாலபேட்டைக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறான். இவள் ஒன்பது மணிக்கெல்லாம் புடவைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க மண்டபத்துக்கு வந்துவிடுவாள்.

காவல் என்றால் திருடர்களுக்காக இல்லை. எழுநூறு வருஷத்துக் கல்லை யார் தூக்கிக்கொண்டு போவது? ஏறுகிறவர்களுக்காகத்தான். மண்டபத்தின் ஒரு பக்கம் இரண்டு தூண்கள் சாய்ந்து, படிக்கட்டு மாதிரி வசதியாகக் கிடந்தன. மேலே போனால் திருமலை வரைக்கும் தெரியும். வருகிறவன் எவனும் கீழே நின்று பார்ப்பதில்லை. ஏறுவான், கையை விரிப்பான், ஒரு குதி குதிப்பான். ஏற்கெனவே தென்கிழக்கு மூலையில் கூரைக்கல் வெடித்திருந்தது. போன மழையில் அதிலிருந்து ஒரு துண்டு விழுந்து, கீழே இருந்த யாளியின் மூக்கைப் பெயர்த்துவிட்டது. இப்படியே குதித்துக்கொண்டிருந்தால் மூலையே இறங்கிவிடும் என்று தொல்லியல் துறை ஆட்கள் அளந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

யமுனா செய்யாதது இல்லை. விசில் ஊதினாள், ரீல் எடுக்கிறவர்கள் அதற்குத் தாளம் போட்டார்கள். மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். அந்தப் பலகை மேல் கால் வைத்துத்தான் தூணுக்குத் தாவினார்கள். ஒருநாள் மனம் நொந்து, "மேல பாம்பு கீதுப்பா" என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தாள்.

"எத்தனை அடி அக்கா?" என்று கேட்டான் ஒரு காலேஜ் பையன். அடுத்த நிமிஷம் பாம்பைப் படமெடுக்க ஏழு பேர் மேலே இருந்தார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, செல்லியம்மாவின் வேர்க்கடலைக் காடு. கடலை பிடுங்கி முடித்து நிலம் சும்மா கிடந்தது. அதன் நடுவில் யானை படுத்த மாதிரி, மண்டபத்தை விடக் கொஞ்சம் உயரமாக ஒரு பாறை. செல்லியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. ஆடுகளோடு பேசிப் பேசி, மனிதர்களிடமும் அதே சத்தத்தில் பேசுவாள்.

தை மாதத்தில் ஒரு காலை. யமுனா மண்டபத்துக்கு முன்னால், ரோட்டுப் பக்கமாக நின்ற புளியமரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். நிமிர்ந்து பார்த்தால், மண்டபத்தின் உச்சியில் செல்லியம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை வேறு.

"அக்கா! எறங்குக்கா! நீயுமா?" என்று இட்லியோடு ஓடினாள் யமுனா. மண்டபத்தை நெருங்கி அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு காக்கைகூட இல்லை. சுற்றி ஓடிப் பின்னால் போனால், செல்லியம்மா தன் பாறை மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குடி கத்தற? ஆட்டக் காணோம்னு பாத்துக்கினு கீறேன்."

யமுனா மறுபடி புளியமரத்துக்கு ஓடினாள். மறுபடி செல்லியம்மா மண்டபத்தின் மேல். பாறையை மண்டபம் முழுசாக மறைத்துவிட்டது. பாறை மேல் நிற்கிற ஆள் மட்டும், கூரையில் கால் ஊன்றி நிற்கிற மாதிரி தெரிந்தாள். யமுனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம், சிரித்துக்கொண்டிருக்கும்போதே, யோசனை வந்தது.

அன்று மதியம் சாய்ந்த தூணில் கால் வைத்த நாலு பேரை அவள் தடுக்கவில்லை. "மேல நின்னா உங்க மூஞ்சிதான் வரும், மண்டபம் எங்க வரும்? அந்தப் பாறைக்குப் போங்க. நான் எடுத்துக் குடுக்கறேன்," என்றாள். பாறையின் பின்பக்கம் சரிவாக இருந்ததால் ஆடு மாதிரி சுலபமாக ஏறினார்கள். யமுனா புளியமரத்தடியில் மண்டியிட்டு, செல்போனைத் தாழப் பிடித்து எடுத்தாள். படத்தைப் பார்த்ததும் நாலு பேரும் அவளை விட்டுவிட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். மண்டபம் முழுசாக வந்திருந்தது. அதன் உச்சியில் அவர்கள், பின்னால் வெறும் வானம்.

செய்தி பரவியது. ஒரே வாரத்தில் மண்டபத்தின் மேல் கால் வைப்பது நின்றே போனது. இருக்கிற இடத்தை விட இல்லாத இடத்தில் நிற்பதுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. செல்லியம்மா ஒரு கம்பை எடுத்துக்கொண்டு தானே மேஸ்திரி ஆகிவிட்டாள். "வரப்பு மேலயே வா! ஆறு பேருக்கு மேல ஏறாத! ஏய் செவப்புச் சட்ட, தள்ளாத!" அவள் அதட்டலுக்கு ஆடுகளை விட மனிதர்கள் நன்றாகக் கட்டுப்பட்டார்கள்.

ஒன்றை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. அந்தப் படங்களை நாடெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் பெருமூச்சு விட்டார்கள், மீதிப் பேர் துறைக்குப் புகார் எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புளியமரத்தடியில் ஒரு ஜீப் வந்து நின்றது. திருப்பதி அலுவலகத்திலிருந்து கோவர்த்தனன். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பழைய கல் என்றால் உயிர். கோபம் வந்தால் தமிழ் பாதி, தெலுங்கு பாதி. அவர் கதவைத் திறந்து இறங்கிய நேரத்தில், பாறை மேல் புத்தூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ரோஹிணியும் யஸ்வந்தும், கூடவே நாலு சொந்தக்காரர்களும், பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். புளியமரத்தடியிலிருந்து பார்த்தால், ஆறு பேரும் வெடித்த கூரைக்கல்லின் மேலேயே ஆடினார்கள்.

கோவர்த்தனன் கதவைக்கூடச் சாத்தவில்லை. ஓடினார். "கிந்தகி திகண்டி! எறங்குங்க! அய்யோ, அந்த மூலை, அந்த மூலை!"

"சார், சார், அது வந்து..." என்று பின்னால் ஓடினாள் யமுனா.

மண்டபத்தடியில் போய் அண்ணாந்தவர் வாயை மூடிக்கொண்டார். யாருமில்லை. பாட்டு மட்டும் எங்கிருந்தோ கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜீப்புக்குத் திரும்பினார். திரும்பிப் பார்த்தார். மணப்பெண் கூரையின் விளிம்பில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஓடினார். மறுபடி யாருமில்லை.

மூன்றாவது முறை அவர் ஓடவில்லை. யமுனாவின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "ஏம்மா, காலைல நான் இன்னும் ஒண்ணும் துன்னல. அதனாலயா?"

யமுனா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மேலதிகாரி முன்னால் சிரிக்கிறோமே என்று நினைத்ததும் இன்னும் அதிகமாக வந்தது. கடைசியில் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக மண்டபத்தைச் சுற்றி அழைத்துப் போய்ப் பாறையைக் காட்டினாள். செல்லியம்மா கம்போடு நின்றிருந்தாள்.

"வரிசைல வா சார்."

கோவர்த்தனன் பாறையைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார். பிறகு சாய்ந்த தூண்களில் படிந்திருந்த தூசியையும் அதில் ஒரு காலடிகூட இல்லாததையும் குனிந்து பார்த்தார். யாளியிடம் போய் நின்றார். புதிதாக எதுவும் உடையவில்லை. "எத்தனை நாளா யாரும் ஏறல?"

"பதினெட்டு நாளா சார்."

"நாங்க வேலி போட்டோம், ஃபைன்னு எழுதினோம், போலீசுக்குச் சொன்னோம்," என்றார். அவர் உதடும் சிரிப்பில் இழுத்துக்கொண்டு போனது. "மேல ரிப்போர்ட் அனுப்பணும். நம்ப மாட்டாங்க. நானே நிக்கறேன், எடு."

எடுத்தாள். முன்னாலிருந்து ஒன்று, பாறை தெரிகிற மாதிரி பக்கத்திலிருந்து ஒன்று. உற்சாகத்தில் அவர் முதல் படத்தை மட்டும் அலுவலகக் குரூப்பில் அனுப்பிவிட்டு, இரண்டாவதைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் போன் அடித்தது. மேலதிகாரி அம்மா. குரல் யமுனாவுக்கே கேட்டது.

"கோவர்த்தனன் காரு! மீரு கூடானா? நீங்களுமா?"

"மேடம், நான் மேல இல்ல மேடம். இல்ல, மேலதான், ஆனா அது மேல இல்ல..."

சொல்லச் சொல்ல மோசமானது. யமுனா போனை வாங்கி, வீடியோவைப் போட்டு, பாறையிலிருந்து புளியமரம் வரை ஓடிக்கொண்டே காட்டினாள்.  அந்தப் பக்கத்திலிருந்து மேலதிகாரி அம்மா சிரிக்கிற சத்தம் வந்தது. சிரித்து முடித்து, புளியமரத்தடியில் 'இங்கிருந்து படமெடுக்கவும்' என்று பலகை வைக்கவும், பாறைச் சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கவும் உத்தரவும் வந்தது.

"எழுத்துலயா? அதோ, வாயிலயே சொல்றேன், சம்மதம்!" என்று கத்தினாள் செல்லியம்மா.

ரோஹிணிக்குத்தான் அது தோன்றியது. "அக்கா, நீங்க நின்னு ஒரு போட்டோ எடுத்திருக்கீங்களா?"

யமுனா இல்லை என்று தலையாட்டினாள். நாலு வருஷமாக மற்றவர்களை இறக்கிக்கொண்டே இருந்தவள், தான் ஏறுவதைப் பற்றி நினைத்ததே இல்லை. அவர்கள் விடவில்லை. காக்கிச் சட்டையும் விசிலுமாக அவளைப் பாறையில் ஏற்றினார்கள். மேலே காற்று அடித்தது. அங்கிருந்து முதல்முறையாக மண்டபத்தின் கூரையைப் பார்த்தாள். விரிசலில் புல் முளைத்திருந்தது. இரண்டு புறாக்கள் நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. யாரோ எப்போதோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

தூரத்தில் கோவர்த்தனன் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் மண்ணில் படுத்து, செல்போனைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு..." என்றார்.

மூன்று வரை யமுனாவால் காத்திருக்க முடியவில்லை. இரண்டிலேயே குதித்துவிட்டாள்.