ஹென்றி ராஜாவின் கன்னம்

மஹாதேவன் நகக்கண்ணிலிருந்த சிவப்பைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"போறும்டா, வா. மூச்சு ஒரு மாதிரி இழுக்கறது. கங்கா ஜலம் விடணும்."

சாயம் போகவில்லை. டர்பன்டைன் போட்டால் போய்விடும். ஆனால் அந்த நாற்றம் அப்பாவுக்கு ஆகாது. அப்படியே எழுந்து போனான்.

காளிகாட் சந்தில் இருந்த அந்த ஒற்றை அறை முழுக்க வாந்திபேதியின் புளித்த வாடை. படுத்த நாளிலிருந்து அப்பாவின் கழிவை அள்ளிக் கொட்டியதும், துணி மாற்றியதும், தொடையிடுக்கைத் துடைத்ததும் மஹாதேவன்தான். நடுநடுவே கொல்லைக்குப் போய் ஓங்கரித்துவிட்டு வந்து மறுபடி துடைத்தான். அப்பா வெங்கடராமன் கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கிக் கொடுத்தார்.

கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க் அவர். லண்டனில் எட்வர்டு ராஜா ஆண்டுகொண்டிருந்த காலம். பிள்ளையும் கம்பெனியில் சேர்ந்துவிடுவான் என்றிருந்தார். அவனோ பவானிபூரில் ஹரிபாபு என்ற வங்காளிச் சித்திரக்காரரிடம் எண்ணெய்ச் சாயம் பழகப் போனான். புதிதாக வருகிறவனுக்கு அங்கே ஒரே பாடம்தான்: சுவரில் மாட்டியிருந்த எட்டாம் ஹென்றி ராஜாவைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். மஹாதேவனுக்குச் சிவப்பு அங்கி வந்தது, மோதிரம் வந்தது. கன்னம் மட்டும் அவித்த பூசணிக்காயாகவே இருந்தது.

"தோலுக்கு அடியில் பச்சை இருக்கும். முதலில் அதைப் போடு" என்றார் ஹரிபாபு. அவனுக்கு எந்த முகத்திலும் பச்சை தெரியவில்லை.

படத்தை வீட்டுக்குத் தூக்கிவந்த அன்று, அப்பா படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"இந்த பிரஷ்ஷெல்லாம் என்ன மயிர்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பன்னி மயிர்ப்பா."

வெங்கடராமன் எழுந்துபோய்த் தலைக்கு ஸ்நானம் பண்ணிவிட்டு வந்தார். "மாட்டைத் தின்னுட்டுப் பெண்டாட்டி தலையை வாங்கின கட்டேல போறவன் மூஞ்சி. அதைப் பன்னி மயிராலே தடவிட்டு, அதே கையாலே என் சொம்பைத் தொடறியா?"

இப்போது அம்மா உத்தரணியில் ஜலம் மொண்டு அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு குனிந்தான்.

"அப்பா, கங்கா ஜலம்."

வெங்கடராமன் கண்ணைத் திறந்தார். பார்வை பிள்ளையின் முகத்துக்கு வரவில்லை, விரலில் நின்றது. மூக்கு சுருங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். ஜலம் உதட்டோரம் வழிந்து தலையணையில் இறங்கியது.

"குடு, நான் விடறேன்" என்றாள் அம்மா.

அவள் விட்டபோது வாய் திறந்தது. ஒரு மடக்கு. அதோடு மூச்சு நின்றுவிட்டது.

உன் பீயை அள்ளினதும் இந்தக் கைதானே என்று மஹாதேவன் அந்த முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே நின்றுவிட்டான். ரத்தம் வற்ற வற்ற, கன்னத்துத் தோலுக்கு அடியிலிருந்து மெல்லிய பச்சை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. தாடையோரம் சாம்பல். கண்குழியில் துளி ஊதா. எதோடு எதைக் கலந்தால் அது வரும் என்று மனசு தன்பாட்டுக்குக் குழைக்க ஆரம்பித்தது.

"என்னடா அப்பாவை அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்லேம்மா."

கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தான். அப்பாவின் கழிவு கூட அவனுக்கு இத்தனை அருவருப்பாயிருந்ததில்லை. துப்பித் துப்பிப் பார்த்தான். அந்தப் பச்சை கண்ணை விட்டுப் போகவில்லை.

சுடுகாடு ஆதிகங்கைக் கரையில் இருந்தது. அழுகின மாலையும் சேறும் நாறும் அந்தத் தண்ணீரில் மொட்டைத் தலையோடு முழுகி எழுந்து வந்தவனின் உள்ளங்கையில் சாஸ்திரிகள் அரிசியைப் போட்டார்.

"வாய்க்கரிசி. நீதான் முதல்லே போடணும்."

மஹாதேவன் குனிந்தான். அப்பாவின் வாய் லேசாகத் திறந்தே இருந்தது. போட்டான்.

ஈரக்கையில் கொஞ்சம் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. படியிறங்கிப் போய்த் தண்ணீரில் அலசினான். கலங்கலுக்குள்ளிருந்து மீன்குஞ்சுகள் மேலே வந்து, வட்ட வட்டமாய் வாயைத் திறந்தன.