பெட்டிக்குள் தண்ணீர்

அந்த வீட்டில் மொத்தம் ஒன்றரை அறை. முழு அறையில் ஒரு கட்டிலும் ஒரு கம்ப்யூட்டரும். அரை அறையில் அடுப்பும் துணி காயப்போடும் கொடியும். கட்டிலில் மனைவி தூங்க வேண்டும், கம்ப்யூட்டரில் கணவன் வேலை பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும் என்பதில்தான் வம்பே.

அவள் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் நர்ஸ். தெருவே எழுந்து பல் துலக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்பது மணிக்குப் படுக்கையில் விழுகிறவள். அவன் வீட்டுப் படம் போடுகிறவன். இன்னும் கட்டாத வீடு, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று ஜன்னல் வழியே விழும் வெயில் உட்பட வரைந்து காட்டுவான். அந்த வெயிலை விழவைப்பதற்குள் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்துவிடும். உள்ளே இருக்கிற விசிறிகள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும், கொஞ்சம் அடங்கும், மறுபடியும் ஊளையிடும். அதுவும் இரண்டு மாதத்துக்கு முன்னால் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டானே, அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம்.

அந்த இரண்டு மாதமாகத்தான் அவளுக்குத் தூக்கம் இல்லை. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். தலையணையைத் தலைக்கு மேல் போட்டுப் பார்த்தாள். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்புக்கு என்ன என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள். கடைசியில் ஒரு நாள் காலையில், சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போயிடட்டுமா? அங்க பின்பக்க ரூம் காலியாத்தான் இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. லீவு நாள்ல இங்க வர்றேன்."

அவன் முப்பத்தேழு வயதில் கல்யாணம் ஆனவன். கல்யாணமே ஆகாது என்று இரண்டு பேர் வீட்டிலும் கைகழுவி விட்ட பிறகு ஒருவரை ஒருவர் கண்டுபிடித்த ஜோடி அது. வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகிற மனைவிக்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தான்?

"சத்தம் வராம பண்ணிட்டா போகமாட்டியே?" என்று கேட்டான்.

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "எப்படிப் பண்ணுவீங்க?"

"தண்ணி விட்டு."

இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீர் விடுகிறேன் என்று பெருமையாகச் சொல்கிற மனுஷனை வேறு எங்கே பார்க்க முடியும்? ஆனால் விஷயம் அவ்வளவு கிறுக்குத்தனமானது இல்லை. சூடாகிற சிப்பின் மேல் ஒரு செப்புக் கட்டியை உட்கார வைப்பது, அதற்குள் குழாய் வழியாகத் தண்ணீரை ஓடவிடுவது, சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீரை ஒரு பெரிய ரேடியேட்டரில் ஆறவைத்து மறுபடி உள்ளே அனுப்புவது. ரேடியேட்டர் பெரிதாக இருந்தால் விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும். மெதுவாகச் சுற்றுகிற விசிறிக்குச் சத்தம் கிடையாது. அவ்வளவுதான் சங்கதி.

படிப்பதற்குச் சுலபம். செய்கிறவனுக்குத்தான் தெரியும். முதல் தடவை வேறு. ஒரு சொட்டு தப்பான இடத்தில் விழுந்தால் கம்ப்யூட்டர் போச்சு, அதோடு அவன் பிழைப்பும் போச்சு. அதனால் அவன் திட்டம் போட்டான். போட்டான், போட்டான், ஆறு வாரம் போட்டான். பம்பு எங்கே, தண்ணீர் நிற்கும் தொட்டி எங்கே, குழாய் எத்தனை நீளம், செம்போடு அலுமினியம் சேர்ந்தால் அரிக்குமாமே, அப்படியானால் எந்த ரேடியேட்டர் என்று காகிதம் காகிதமாக வரைந்து சுவரில் ஒட்டினான். சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து கட்டிலுக்கு அடியில் சேர்ந்தன. திருகாணி ஒன்றுகூட முடுக்கவில்லை. பயம் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். ஆண்பிள்ளை அல்லவா, அதற்குத் திட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டான்.

அவளும் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு புதன்கிழமை காலையில் வந்து பையில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை வரேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பான். அவள் சொன்னது அவ்வளவு களைப்பாக இருந்தது.

அன்றைக்கே பெட்டியைத் தூக்கி மேஜை மேல் படுக்கப் போட்டுக் கதவைக் கழற்றினான்.

வியாழக்கிழமை அவள் வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் இருந்த கடைசிப் படத்தையும் மேஜையில் படுத்திருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் பெட்டி இப்படியேதான் படுத்திருக்குமா?"

"இல்ல. வேலை முடிஞ்சதும் நிமுத்தி வைக்கணும்."

"நிமுத்தினா இந்தப் பம்பு எங்க வரும்?"

"இங்க."

"தொட்டி?"

அவன் விரலை எடுத்துக்கொண்டு போனான். விரல் பாதி வழியில் நின்றுவிட்டது.

"மேல பம்பு, கீழ தொட்டி" என்றாள் அவள். "டிரிப் பாட்டிலைத் தரையில வச்சுட்டு ஊசியைக் கையில குத்தினா மருந்து ஏறுமா, இன்ஜினியர் சார்?"

வீட்டுப் படம் போடுகிற புத்தி செய்த வேலை அது. வீடு என்றால் மேலே இருந்து பார்த்துத்தான் அவன் வரைய ஆரம்பிப்பான். பெட்டியைப் படுக்கப் போட்டு அளந்தவன், அதையும் ஒரு தரைத்தளப் படம் மாதிரியே வரைந்திருக்கிறான். அடுப்படி இந்தப் பக்கம், குளியலறை அந்தப் பக்கம் என்கிற மாதிரி பம்பு இந்தப் பக்கம், தொட்டி அந்தப் பக்கம். நிமிர்த்தினால் எது மேலே போகும், எது கீழே வரும் என்று ஆறு வாரத்தில் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. தொட்டித் தண்ணீர் தானாக இறங்கி வந்து பம்பை நனைக்க வேண்டும். இது தெரியாமல் ஓடவிட்டிருந்தால் பம்பு தண்ணீர் இல்லாமல் சுற்றித் தீய்ந்திருக்கும்.

"நீ மட்டும் பாக்கலைன்னா மானம் போயிருக்கும்" என்றான்.

"மானம் எங்கயும் போகாது. பம்புதான் போயிருக்கும்." ரொம்ப நாளைக்கப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் பத்துத் தப்பு செய்யலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் மாற்றிப் பொருத்தி முடித்தான். குழாய்களை வெட்டி, மூட்டுகளை முடுக்கி, ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் வெள்ளைக் காகிதம் மடித்து வைத்தான், கசிந்தால் காட்டிக்கொடுக்கும் என்று. தண்ணீர் ஊற்றும் நேரம் வந்ததும் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீ ஊத்தேன்" என்றான். "உனக்குத்தான் டியூப் பழக்கம்."

"எனக்கு வேண்டாம்."

"ஒரு கை பிடிம்மா. குழாய்ல காத்து போகாம நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

பயம் என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டதும் அவள் எழுந்து வந்தாள். பாட்டிலை எடுத்து, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். திருப்பி மறுபடியும் படித்தாள். மூடியைத் திறந்தவள், ஊற்றாமல் மூன்றாம் தடவையும் படித்தாள்.

"அது கம்ப்யூட்டருக்கு விக்கிற தண்ணிதான். நான்தானே வாங்கினேன்" என்று அவன் கேலி செய்தான்.

அவள் மெல்ல ஊற்றினாள். மற்ற எதற்கும் மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் அவன் ஓடவிட்டான். தண்ணீர் குழாய்க்குள் ஓடி, குமிழ் குமிழாகத் திரும்பி வந்தது. அவள் விரல் நகத்தால் குழாயைச் சுண்டிச் சுண்டி, குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டிப் பக்கம் ஓட்டினாள். பெட்டியை இப்படிச் சாய்க்கச் சொன்னாள், அப்படிச் சாய்க்கச் சொன்னாள். அரை மணி நேரத்தில் குழாயில் ஒரு குமிழ் இல்லை. அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பம்பு தனியாக ஓடியது. மறுநாள் சனிக்கிழமை காலையில் காகிதங்களை எடுத்துப் பார்த்தான். எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தன. அவள் வந்து சாப்பிட்டுப் படுத்ததும், கம்ப்யூட்டரை முழுசாக ஓடவிட்டு, கையில் இருந்ததிலேயே பெரிய படத்தைக் கொடுத்தான். மூன்று மாடி, எல்லா ஜன்னலிலும் வெயில். திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டிய வேலை.

சத்தம் இல்லை. காதைப் பெட்டியின் மேல் வைத்தால்தான் உள்ளே எதுவோ ஓடுகிறது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்ப்பது கேட்டது. இத்தனை நாளாகப் பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. பூரித்துப் போனான், பாவம். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இனி வராது என்றே நினைத்தான். நாற்காலியைக்கூடக் கிறீச்சிடாமல் மெல்லத் திருப்பிக் கட்டிலைப் பார்த்தான்.

அவள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"என்ன, இன்னும் கேக்குதா?" என்று ரகசியமாகக் கேட்டான்.

"இல்ல."

"பம்பு?"

"ஒண்ணுமே கேக்கல." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தலையணையில் விழுந்தது. "சத்தம் நின்னா தூங்கிடுவேன்னு நானும்தான் நம்பினேன்."

அவன் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பதினாலாம் பெட் தாத்தாவுக்கு பதினஞ்சாம் பெட் டிரிப்பை மாட்டிட்டேன். மூணரை மாசம் ஆச்சு. பத்து நிமிஷத்துல பாத்துட்டேன். கழட்டிட்டு சரியானதை மாட்டினேன். ராத்திரி பூரா அவர் பக்கத்துலயே நின்னேன்."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நாலாம் நாள் வீட்டுக்குப் போயிட்டார். போறப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீதாம்மா என்னைக் காப்பாத்தினேன்னு சொன்னார். நான் ரிப்போர்ட்ல எழுதணும். எழுதல. யாருக்கும் தெரியாது. கண்ணை மூடினா அந்தப் பாட்டில்தான் வருது. அந்தச் சமயம் பாத்து நீங்க புது கார்டு வாங்கிப் போட்டீங்களா, சத்தத்து மேல பழியைப் போட்டுட்டேன்."

அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொல்வானேன், வந்தது. ஆறு வாரம், அத்தனை காகிதம், அத்தனை பயம். ஆனால் அவள் அடுத்ததாகச் சொன்னதில் அது இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"இப்ப மறுபடி அக்கா வீட்டுக்குப் போறேன்னதும் அதுக்குத்தான். நீங்க எனக்காக அவ்ளோ படம் போட்டு ஒட்டிக்கிட்டு இருக்கீங்க. அதைப் பாத்துக்கிட்டு இங்க படுத்திருக்க முடியல."

என்ன சொல்வான்? ஆகாதது ஒன்றும் ஆகவில்லை, விட்டுத்தள்ளு என்று சொல்லியிருக்கலாம். பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் அது எடுபடாது என்று தெரிந்தது. அவள் தனக்குள்ளேயே அதை ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருப்பாள்.

"இப்ப எழுதிடு" என்றான்.

"வேலை போயிடலாம்."

"போகலாம்."

"அப்புறம்?"

"அதுக்கு என்கிட்ட ஒரு திட்டமும் இல்ல" என்றான். "நீ எழுது. சாயங்காலம் நானும் கூட வர்றேன். வாசல்லயே நிக்கிறேன், எவ்ளோ நேரமானாலும்."

அவள் எழுந்து, அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவன் கீபோர்டை நகர்த்திக் காகிதமும் பேனாவும் கொடுத்தான். தேதி, மணி, பெட் நம்பர், மருந்தின் பெயர். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. ஏழே வரி. கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினாள். அவன் நின்றபடியே இரண்டு தடவை படித்தான். நிமிர்ந்தபோது அவள் மேஜையில் கையை மடித்து அதன் மேல் தலை வைத்திருந்தாள். அழுகிறாளாக்கும் என்று தோளைத் தொடப் போனான். மூச்சு நீளமாக, சீராக வந்துகொண்டிருந்தது.

மவுஸ் அவள் முழங்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. படம் முடிந்து, அடுத்ததை ஆரம்பிக்கட்டுமா என்று திரையில் கேள்வி கேட்டு நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடித் தரையில் உட்கார்ந்தான்.

இரண்டு மணி சுமாருக்கு அவன் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அவள் அக்கா. அடுப்படிக்குப் போய் எடுத்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றா? ரூமைக் கழுவி விட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

"தூங்கறாக்கா" என்றான்.