கை மாறிய ஐம்பத்திரண்டு நிமிடங்கள்

ஊரிலிருந்த ஒரே சுகாதார நிலையத்தை மூட உத்தரவு வந்தபோது, நர்ஸம்மா போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். ஒரு பழைய மெத்தையைச் சுருட்டித் தரையில் போட்டு, நெஞ்சு நின்றுபோனவரை எப்படி அழுத்துவது என்று காட்டினார்.

"ஒருத்தர் ரெண்டு நிமிஷத்துக்கு மேல அழுத்தக் கூடாது. கை தளர்ந்துபோறது உங்களுக்கே தெரியாது. அடுத்தவங்க கிட்ட விட்டுடணும்."

இருபது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவர்கள். மெக்கானிக் அழுத்திய வேகத்தில் மெத்தையின் தையல் விட்டுப் பஞ்சு வெளியே வந்தது. "பேஷன்ட் போயிட்டார்" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் பூட்டு விழுந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை, பதினொரு மணி இருக்கும். தையல்கார அக்கா கல்யாண ரவிக்கை ஒன்றுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டும் அவள் கணவர் உள்ளே வந்து, "முதுகெல்லாம் ஒரு மாதிரி இருக்கு" என்றார். தண்ணீர் கொண்டுவர அவள் எழுந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் வெட்டிப் போட்ட துணிகளின் மேல் அவர் சரிந்திருந்தார்.

கூப்பிட்டாள், உலுக்கினாள். மூச்சு இல்லை. போனில் ஆம்புலன்ஸ்காரப் பெண், "பாலத்துல வேலை நடக்குது, சுத்தித்தான் வரணும். ஐம்பது நிமிஷம் ஆகும்மா. அழுத்தத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றாள் அக்கா. அன்று மெத்தையில் அழுத்திப் பார்த்ததுதான்; நிஜமாகத் தெரியுமா என்று அவளுக்கே தெரியாது. மண்டியிட்டு நெஞ்சின் நடுவில் கை வைத்தாள். இருபதாவது அழுத்தலில் உள்ளே ஏதோ 'டக்'கென்றது. கையை எடுத்துவிட்டாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மெக்கானிக் வாசலிலேயே அதைப் பார்த்தான். "விடாதீங்க அக்கா. எலும்பு பிறகு ஒட்டிக்கும்." அவளைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு அவன் குனிந்தான். எண்ணிக்கொண்டே அழுத்தினான்.

அவன் மனைவி, எட்டு மாதக் கர்ப்பிணி, வாசலில் நின்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அப்புறம் கடிகாரத்துக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நிமிடம் ஆனதும் "மாத்து" என்பாள். அழுத்துபவர் விலகுவார்; அடுத்த கை அதே இடத்தில் விழும். டீச்சர் வந்தாள். தபால்காரர் சைக்கிளைச் சாய்க்காமல் அப்படியே போட்டுவிட்டு வந்தார். அந்த வழியாகப் போன பஸ் நின்றது. டிரைவரும் பயணிகள் நாலு பேரும் இறங்கி வந்தார்கள். பழகாதவர்களின் கைமேல் டீச்சர் தன் கையை வைத்து அழுத்தும் ஆழத்தைக் காட்டிக்கொடுத்தாள். தையல் மெஷினைத் தூக்கி வெளியே வைத்து இடம் பண்ணினார்கள். வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் போனது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. எண்ணும் குரலைத் தவிர வேறு பேச்சில்லை.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் லேத்காரர் கண்ணைத் திறந்தார்.

அப்போது அழுத்திக்கொண்டிருந்தது பால் வண்டிக்காரர். "முழிச்சிட்டார்" என்று கையை எடுத்தார். கண்கள் மெல்ல மேலேறி மூடிக்கொண்டன. விரல்கள் துவண்டன.

"அழுத்துங்க" என்றாள் டீச்சர்.

அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் கண்கள் மறுபடி திறந்தன. அக்காவின் முகத்தைத் தேடிப் பிடித்து அங்கேயே நின்றன.

அறையில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அவருடைய இதயம் தானாகத் துடிக்கவில்லை. அவரைப் பார்க்க வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கைகள். பால் வண்டிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் தாளம் தப்பவில்லை. தபால்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள்.

அக்கா கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் காதருகே, "இங்கதான் இருக்கேன். ஊரே இங்கதான் இருக்கு. நீங்களும் இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"மாத்து" என்ற குரல் கம்மிப்போயிற்று. தண்ணீர் கொடுத்தார்கள்; வாங்காமல் கடிகாரத்தையே பார்த்தாள் மெக்கானிக்கின் மனைவி.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்தது. முதலில் இறங்கிய ஊழியர், ரோட்டில் நின்ற வரிசையைப் பார்த்து ஏதோ கூட்டம் என்று நினைத்து வழி கேட்டார். உள்ளே வந்ததும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பெட்டியைத் திறந்தார். முதல் மின்னதிர்ச்சிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதில் திரையில் கோடு எழுந்து ஒழுங்காக ஓட ஆரம்பித்தது.

"யார் அழுத்தினது?" என்று அந்த ஊழியர் கேட்டார்.

யாரைச் சொல்வது? கடைசியில் டீச்சர்தான், "மாத்தி மாத்தி" என்றாள்.

"இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன்" என்றார் அவர். குனிந்து ஸ்ட்ரெச்சரின் பட்டையை இறுக்கினார்.

நிலையத்தை மூடியபோது ஊரார் கொடுத்திருந்த மனுவுக்கு அப்போதுதான் பதில் வந்தது: சுகாதார நிலையத்தைத் திரும்பத் திறக்க இப்போது வாய்ப்பில்லை. அந்தக் கடிதத்தைப் படித்த வாரமே டீச்சர், அழுத்தத் தெரிந்தவர்களில் தெருவுக்கு மூன்று பேராகப் போன் நம்பர் எழுதி வீடு வீடாக ஒட்டினாள்.

இருபத்திரண்டு நாள் கழித்து லேத்காரர் வீட்டுக்கு வந்தார். நாலு விலா எலும்பு உடைந்திருந்தது. இருமவும் தும்மவும் பயம். அந்தக் காலைப்பொழுது அவர் நினைவில் சுத்தமாக இல்லை.

"யாரெல்லாம்?" என்று கேட்டார்.

அக்கா ஒவ்வொருவராகச் சொன்னாள். பஸ்ஸில் வந்த நாலு பேர் யாரென்று அவளுக்கும் தெரியாது. எல்லாரையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மெதுவாக நடந்து, வாசலுக்குப் போனார். தெருவில் வழக்கமான நடமாட்டம். ஒருத்தி குடத்தோடு போனாள். ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். யாரோ மூட்டையை இறக்கினார்கள். அவரைக் கண்டவர்கள், "எழுந்து நடக்கிறீங்களா, நல்லது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. போகிறவர் வருகிறவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.